உறையைப் பிரிக்கலாமா? ஐந்து அமெரிக்க புரூஃப் செட்டுகளும் கொடைக்கானல் ஈரமும்

கேட்டவர் கொடைக்கானல்காரர். அவருடைய அப்பா இங்கே ஓர் அமெரிக்க ஆசிரியர் குடும்பத்தில் சமையல் வேலை பார்த்தவர். 1966-இல் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியபோது, அப்பாவின் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாக ஐந்து பழுப்பு உறைகளைக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க நாணயச் சாலையின் புரூஃப் செட்டுகள், அதாவது சேகரிப்பவர்களுக்காகத் தனியாக மெருகேற்றி அடித்த காசுத் தொகுப்புகள்: 1957, 1960, 1961, அப்புறம் 1964 இரண்டு. ஒட்டியது ஒட்டியபடி, தகரப்பெட்டியில், கம்பளித் துணியில் சுற்றி, பூச்சி உருண்டையோடு இத்தனை வருடமும் இருந்திருக்கின்றன. ஒவ்வோர் உறை மேலும் அப்பா பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறார்: பெரியவனுக்கு, ரெண்டாவதுக்கு, நடுவுலவளுக்கு, சின்னவனுக்கு, பாப்பாவுக்கு. மதுரையில் ஒரு நாணய வியாபாரி, "பிரிச்சிடாதீங்க, சீல் இருந்தா விலை கூட" என்றாராம். இன்னொருவர், "உள்ளே அபூர்வக் காசு இருக்கலாம், பிரிச்சுப் பாருங்க" என்றாராம். சின்னவரான இவர் கேட்கிறார்: யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் உங்களிடம் ஒன்றைக் கேட்கவில்லை: அந்த உறைகள் எந்த ஊரில், எப்படி இருந்தன என்று. என் பதிலில் பாதி அதைப் பொறுத்தது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். "சின்னவனுக்கு" என்று எழுதியிருக்கும் 1964 உறையை, உங்களுடையதை, முதலில் பிரியுங்கள். வெளி உறையை மட்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையைத் தொடாதீர்கள். அதில் என்ன தெரிகிறதோ அதை வைத்து மற்றதை முடிவு செய்யுங்கள். ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். இந்த செட்டுகளில் அடைப்பு ஒன்றல்ல, இரண்டு. பிலடெல்பியா நாணயச் சாலை 1955 வரை புரூஃப் செட்டுகளைச் சின்ன அட்டைப்பெட்டியில் அனுப்பியது. ஒவ்வொரு காசும் தனிப் பையில், எல்லாப் பைகளையும் சேர்த்து ஸ்டேப்லர் பின் அடித்திருக்கும். அந்தப் பின் துருப்பிடித்துப் போன செட்டுகள் நிறைய. 1955-இன் நடுவில் இதை மாற்றித் தட்டையான பை கொண்டுவந்தார்கள். ஒளி ஊடுருவும் ஒரே பையில் அறை அறையாக ஐந்து காசும் இருக்கும்: ஒரு சென்ட், ஐந்து சென்ட், பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர். அதைப் பழுப்பு உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பினார்கள். 1964 வரை இதே முறை. ஆகவே பழுப்பு உறை முதல் அடைப்பு, பிளாஸ்டிக் பை இரண்டாவது. உறையைப் பிரித்தால் போவது முதல் அடைப்பு மட்டும். பை முழுதாக இருக்கும்வரை அது நாணயச் சாலை கட்டிய செட்தான். எந்த வியாபாரியும் அதை ஒரிஜினல் செட் என்றே எடுத்துக்கொள்வார். "பிரிச்சா போச்சு" என்று பயமுறுத்துகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

இனி, உள்ளே இருப்பது எவ்வளவு அரிது என்று பார்ப்போம். செட் ஒன்றை நாணயச் சாலை 2 டாலர் 10 சென்டுக்கு விற்றது. உள்ளே இருக்கும் காசுகளின் முகமதிப்பு 91 சென்ட். 1957-இல் விற்றவை 12,47,952 செட்டுகள். 1960-இல் 16,91,602. 1961-இல் 30,28,244. 1964-இல் 39,50,762. சாதாரண 1964 செட்டை அரிது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளி இருக்கிறது. பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் மூன்றும் 90 சதவீத வெள்ளி. மூன்றின் எடை சேர்ந்து 21.25 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 19 கிராம். ஐந்து செட்டுக்கும் சேர்த்தால் 95 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. வெள்ளி விலையை அன்றைய பேப்பரில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் மூடிய உறைக்கு ஏன் கூடுதல் விலை தருகிறார்கள்? உள்ளே என்ன இருக்கலாம் என்ற ஆசைக்குத்தான். புரூஃப் காசு அடிக்கும் விதம் தெரிந்தால் இது புரியும். அச்சையும், காசாக மாறப்போகும் வெறும் தகட்டையும் கண்ணாடி மாதிரி மெருகேற்றி, ஒரே காசை இரண்டு முறை அழுத்தி அடிப்பார்கள். அதனால் உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றிடம் முகம் பார்க்கும் கண்ணாடியாகப் பளபளக்கும். புதிதாகத் தயாரித்த அச்சில் உருவங்கள் இருக்கும் பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். அதில் அடித்த முதல் சில காசுகளில், தலையும் எழுத்தும் பனி படிந்தது போல வெள்ளையாக, கறுத்த கண்ணாடி மேல் நிற்கும். இதைத்தான் கேமியோ என்கிறார்கள். அந்தக் காலத்து அச்சில் அந்தப் பனி சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு அடித்தவையெல்லாம் உருவமும் வெற்றிடமும் ஒரே பளபளப்பு. அதனால் ஒரே வருடத்து இரண்டு உறைகளில், ஒன்றில் வெள்ளி விலைக்குப் போகும் செட்டும், இன்னொன்றில் பல மடங்கு போகும் அரை டாலரும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சந்தையில் சுற்றும் மூடிய உறைகளில் பல, யாரோ பிரித்துப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டு, சாதாரண செட்டை வைத்து மறுபடி ஒட்டியவை. பசை ஒட்டிய காகிதத்தை ஆவியில் காட்டிப் பிரித்து ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. வாங்குகிறவருக்கு இது தெரியும். அதனால் அவர் தரும் கூடுதல் விலையும் சந்தேகம் கழித்த விலையாகத்தான் இருக்கும். உங்கள் உறைகள் அப்படியல்ல. 1966 முதல் ஒரே தகரப்பெட்டி, ஒரே வீடு, அப்பாவின் கையெழுத்து. இவற்றை யாரும் பிரித்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த உண்மையை நீங்கள் விற்க முடியாது. மதுரை வியாபாரி உங்கள் வார்த்தையை நம்பி இரண்டு மடங்கு தரப்போவதில்லை. அவர் மற்ற மூடிய உறைக்குத் தரும் விலையைத்தான் உங்களுக்கும் தருவார். வாங்கிய பிறகு அவரே பிரித்தும் பார்ப்பார். யாரும் கை வைக்காத உறை என்பதன் முழுப் பலனும் அதைப் பிரிக்கிறவருக்குத்தான் போகும். அது நீங்களாக இருக்கட்டும்.

இது பணக் கணக்கு. இதைவிட எனக்குக் கவலை தருவது ஈரம்.

நான் இங்கே அப்சர்வேட்டரியில் பல வருடம் போட்டோ தட்டுகளோடு பழகியவன். 1904 முதல் சூரியனை எடுத்த தட்டுகள் அங்கே இருக்கின்றன. இப்போது எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். கண்ணாடித் தட்டின் மேல் படம் என்பது வெள்ளித் துகள்தான். அதனால் வெள்ளிக்கு எது ஆகாது என்று இந்த மலையில் அனுபவமாகத் தெரிந்துகொண்டேன். கந்தகம் ஆகாது, ஈரம் ஆகாது, மலிவான காகிதம் ஆகாது. கொடைக்கானலில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை இல்லாத நாளிலும் பிற்பகலானால் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். அலமாரியில் மடித்து வைத்த வேட்டி குளிர்ந்து கனக்கும், பெல்ட்டில் பூஞ்சணம் பூக்கும். தோலுக்கு நடப்பது பழுப்பு உறைக்கும் நடக்கும். காகிதம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விடும், மறுபடி குடிக்கும். அறுபது வருடம் இப்படிச் சுவாசித்த உறை அது. "சீல்" என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஒட்டிய காகித உறை காற்றையும் ஈரத்தையும் தடுக்காது.

உங்கள் பெட்டியில் கம்பளியும் இருக்கிறது. ஆட்டு மயிரில் கந்தகம் உண்டு. வெள்ளிக்கு அது விரோதி. பூச்சி உருண்டையின் ஆவியும் சில பிளாஸ்டிக்குகளுக்கு ஆகாது. இன்றைக்கே இரண்டையும் அகற்றுங்கள், மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

செண்பகனூர்ப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1962 செட். உறை நேற்று வாங்கியது போல மொடமொடப்பாக இருந்தது. "உள்ளே எப்படி இருக்கும் என்று சந்தேகமே வேண்டாம்" என்றார் நண்பர். பிரித்தோம். வெள்ளிக் காசு மூன்றும் ஓரத்தில் இளமஞ்சள் ஏறி, நடுவே நன்றாகத்தான் இருந்தன. ஐந்து சென்டில் புகை மூட்டம் மாதிரி ஒரு மங்கல். ஒரு சென்ட் செம்புக் காசில்தான் அடி: லிங்கன் தாடைக்குக் கீழே கடுகளவு கரும்புள்ளி ஒன்று, அதைச் சுற்றி ஊதா வளையம். கண்ணாடியில் சிகரெட் சுட்ட தடம் போல. எப்போது வந்தது? பத்து வருடத்துக்கு முன்பா, முப்பது வருடத்துக்கு முன்பா, சொல்ல முடியாது. உறை மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை, பார்க்காததால் யாரும் தடுக்கவில்லை.

உங்களுக்கு இரண்டு 1964 இருப்பது இதில் பெரிய வசதி. ஐந்தும் ஒரே பெட்டியில், ஒரே துணியில் இருந்தவை. ஒன்றுக்கு என்ன ஆனதோ, ஏறக்குறைய அதுதான் மற்றவற்றுக்கும் ஆகியிருக்கும். அதிகம் அடித்த வருடம் 1964 என்பதால் அதைப் பிரிப்பதில் இழப்பும் குறைவு. உள்ளே சுத்தமாக இருந்தால் மற்ற நான்கையும் அவசரப்படாமல், அண்ணன் அக்காவோடு பேசி முடிவு செய்யலாம். புள்ளியோ பச்சையோ தெரிந்தால் யோசனையே வேண்டாம், நான்கையும் அதே வாரம் பிரித்துவிடுங்கள். மூடி வைப்பதற்கு அப்புறம் ஒரு நியாயமும் இல்லை.

பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. உறைமேல் தபால் தலையும் முத்திரையும் முகவரியும் இருந்து, உறையே ஒரு பழைய தபால் பொருளாக இருந்தால் தயங்குவேன். அடுத்த வாரமே விற்றாக வேண்டிய பணமுடை இருந்தால், மூடியபடியே கொடுத்துவிடுவது சுலபம். வீட்டில் யாராவது "அடடா, பளபளன்னு இருக்கே" என்று விரலை வைத்துவிடுவார்கள் என்றால், அந்த வீட்டில் பிரிக்கவே வேண்டாம்.

கடைசியாகச் சொன்னது என் சொந்த அனுபவம். எனக்கு இருபத்தெட்டு வயதிருக்கும்போது கைக்கு வந்த முதல் புரூஃப் காசு நம் நாட்டு 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய். 80 சதவீத வெள்ளி, 15 கிராம். கொஞ்சம் மஞ்சள் ஏறியிருந்தது. பூஜை அறை வெள்ளி விளக்கை அம்மா விபூதி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே மாதிரி ஒரு சிட்டிகை விபூதி, பழைய வேட்டித் துணி. பளிச்சென்று ஆனது. மேஜை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: காந்தியின் முகத்தைச் சுற்றி வட்ட வட்டமாக ஆயிரம் மெல்லிய கோடுகள், சிலந்தி வலை பின்னியது போல. அந்தக் கண்ணாடி இனி திரும்பாது. இன்றும் அந்தக் காசு என்னிடம் இருக்கிறது. விபூதி, புளி, பற்பொடி, பாலிஷ் திரவம், மெல்லிய பனியன் துணி எதுவுமே புரூஃப் காசின் மேல் படக் கூடாது. மஞ்சள் ஏறிய காசை மஞ்சளோடு விற்கலாம். கோடு விழுந்த புரூஃபை வெள்ளி விலைக்குத்தான் விற்க முடியும்.

சரி, எப்படிப் பிரிப்பது? பிப்ரவரி, மார்ச் மாதத்தில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலை பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள். அடுப்பு எரியாத அறை. மேஜைமேல் தடித்த துண்டு ஒன்றை விரியுங்கள், கை தவறி விழுந்தாலும் அடிபடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். எண்ணெய், கிரீம் தடவியிருக்கக் கூடாது. முதலில் உறையை முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், அப்பாவின் எழுத்து தெளிவாகத் தெரியும்படி. பிறகு உறையைச் செங்குத்தாகப் பிடித்து மேஜையில் மெதுவாகத் தட்டினால் உள்ளே இருப்பது ஒரு பக்கம் இறங்கும். எதிர்ப்பக்கக் குறுகிய விளிம்பை, ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, புது பிளேடால் நறுக்குங்கள். ஒட்டிய மடிப்பைத் தொடவே வேண்டாம். மடிப்பு அப்படியே இருந்தால் உறையின் அழகும் பென்சில் எழுத்தும் முழுதாக இருக்கும். ஆவியில் காட்டிப் பிரிக்கவே கூடாது, அந்த ஈரம் நேராகக் காசுக்குப் போகும். வாயை உள்ளே வைத்து ஊதவும் வேண்டாம். எச்சில் துளி பட்ட இடம் பிறகு புள்ளியாகும்.

பையை வெளியே எடுத்ததும் அதன் ஓரங்களைப் பாருங்கள். சுற்றிலும் ஒட்டு முழுதாக இருக்கிறதா, எங்காவது வாய் பிளந்திருக்கிறதா? பிறகு ஒரே ஒரு விளக்கை ஏற்றி, பையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். முதலில் அரை டாலர். வெற்றிடம் கறுத்து, தலை வெண்மையாகத் தனியே நிற்கிறதா? இரண்டு பக்கமும் நின்றால்தான் கேமியோ. ஒரு பக்கம் மட்டும் பனி, மறுபக்கம் பளபளப்பு என்றால் அழகு உண்டு, பெரிய விலை இல்லை.

1964-இல் இன்னொன்றும் தேட வேண்டும். கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்டார். 1964-லேயே அவர் முகத்தோடு அரை டாலர் வந்துவிட்டது. முதலில் அடித்த புரூஃப்களில் காதுக்கு மேலே தலைமுடிக் கோடுகள் ஆழமாக, தனித்தனியாக விழுந்திருக்கும். பிறகு அதைத் திருத்தி மென்மையாக்கிவிட்டார்கள். முடி அழுத்தமாக உள்ள இந்த வகை, நாற்பது லட்சத்தில் ஒரு சிறு பங்குதான். முடியை மட்டும் வைத்து முடிவு செய்தால் பழக்கமில்லாத கண் ஏமாறும். லிபர்ட்டி என்ற சொல்லில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். நேர்கோடாக நிற்கும் அந்த எழுத்தின் அடியில், இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய சின்னக் குறுக்குக்கோடு மழுங்கிப்போயிருந்தால் அது முதல் வகை. உங்களிடம் இரண்டு 1964 இருக்கின்றன, இரண்டையும் பிரிப்பதாக முடிவானால் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வழி இருக்கிறது.

1960-இல் பார்க்க வேண்டியது அரை டாலர் மட்டுமல்ல, ஒரு சென்டும்தான். அந்த வருடம் தேதி எண்ணைச் சிறிதாகவும் பெரிதாகவும் இரண்டு விதமாக அடித்தார்கள். சிறிய தேதியில் ஒன்றும் ஒன்பதும் ஒரே உயரத்தில் தலை நிமிர்ந்து நிற்கும். பெரிய தேதியில் ஒன்பதின் தலை கொஞ்சம் மேலே போகும், ஆறின் வால் நீண்டிருக்கும். செட்டுகளில் சிறிய தேதிதான் குறைவு. 1961-இல் அரை டாலரின் மணி இருக்கும் பக்கத்தைத் திருப்பி, எழுத்துகள் இரட்டையாக விழுந்திருக்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். அது மிக அரிய வகை, கிடைக்கும் என்று நம்பிப் பிரிக்க வேண்டாம், பிரித்தால் பார்க்காமல் விடவும் வேண்டாம். 1957-இல் கேமியோ மட்டும் பார்த்தால் போதும்.

எல்லாம் சுத்தமாக இருந்து, சிறப்பாக எதுவும் இல்லையென்றால் அதோடு நிறுத்துங்கள். பையை வெட்ட வேண்டாம். காசைத் தனியாக எடுத்துப் புது டப்பாவில் போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வெட்டிய செட் வெறும் ஐந்து காசு, அவ்வளவுதான். பையை வெட்ட எனக்கு இரண்டே காரணம்தான் உண்டு. ஒன்று, கேமியோவோ மேலே சொன்ன அரிய வகையோ தெளிவாகத் தெரிந்து, அதைத் தரச்சான்றுக்கு அனுப்பப் போகிறீர்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பார்த்து 70 வரை மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகின்றன. அனுப்பும் செலவு, காப்பீடு, கட்டணம் எல்லாம் சேர்ந்தால் சாதாரணக் காசின் விலையைத் தாண்டிவிடும், அதனால் விஷயம் தெரிந்த ஒருவர் போட்டோவைப் பார்த்து ஆமோதித்த பிறகே அனுப்புங்கள். இரண்டாவது காரணம், பை பிளந்து காசு கெட்டுக்கொண்டிருப்பது. பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதாவது தெரிந்தால் தாமதிக்கக் கூடாது.

அந்தப் பச்சையை எடுக்க சுத்தமான அசிட்டோன் போதும். ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தை வாங்காதீர்கள், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை ஓரத்தைப் பிடித்துப் போட்டு, சில நிமிடம் கழித்துப் புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி எடுத்து, துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, ஊதுபத்தி, விளக்குத் திரி எதுவும் பக்கத்தில் கூடாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். வெள்ளிக் காசுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். செம்புச் சென்டை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது. அசிட்டோன் பிசுக்கைத்தான் கரைக்கும். மஞ்சள் ஏறியதையோ கரும்புள்ளியையோ அது எடுக்காது, நீங்களும் எடுக்க முயல வேண்டாம்.

நம் நாட்டு செட்டுகள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. பம்பாய் நாணயச் சாலையின் எழுபதுகளின் புரூஃப் காசுகளில் தேதிக்குக் கீழே ஆங்கில பி எழுத்து இருக்கும், 1996 முதல் அது எம் ஆனது. கெட்டிக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் அடைத்திருந்தால் அவசரமில்லை. ஆனால் மழைக்கோட்டு வாசனை அடிக்கும், விரலால் மடக்கினால் வளையும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருந்தால், சீல் என்று பார்க்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். அது பி.வி.சி. நாளானால் அமிலத்தைக் கக்கும். செம்பு கலந்த காசு பச்சையாகும், அலுமினியப் பைசாக்கள் வெண்புள்ளி பூத்துப் பொரிந்துபோகும். அலுமினியத்துக்கு வந்த பொரிவுக்கு மருந்தே கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் "பிரிக்கலாமா" என்ற கேள்விக்கே இடமில்லை.

பிரித்த பிறகு எங்கே வைப்பது? தகரப்பெட்டிக்குத் திரும்பக் கூடாது. பாலிஎஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் தாள் உறையில் ஒவ்வொரு செட்டையும் தனியாக வைத்து, காற்றுப் புகாத பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நாளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அப்பாவின் உறைகளை அமிலமில்லாத தாளில் சுற்றி அதே பெட்டியிலேயே, செட்டோடு ஒட்டாமல் வையுங்கள். விற்கும்போதும் அந்த உறை கூடவே போனால் செட்டுக்கு ஒரு வரலாறு இருக்கும். கொடுக்க மனமில்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும்.

மதுரைக்குக் கொண்டுபோகும் நாளில் கவனம் வேண்டும். கொடைக்கானல் குளிரில் இருந்த காசு வத்தலக்குண்டு இறங்கியதும் வெக்கைக்குள் வருகிறது. குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல, குளிர்ந்த காசின் மேல் ஈரம் படியும். கடைக்குப் போனதும் ஆவலாகப் பெட்டியைத் திறந்து காட்டாதீர்கள். முந்தின நாள் இறங்கி, மூடிய பெட்டியை இரவு முழுதும் அப்படியே விட்டு, மறுநாள் திறவுங்கள். நான்கைந்து மணி நேரமாவது கழியட்டும்.

போனிலும் இணையத்திலும் "பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று கேட்டு வருகிறவர்களிடம் பேச்சே வேண்டாம். ரிசர்வ் வங்கி பெயரையும் சின்னத்தையும் காட்டியே இதைச் செய்கிறார்கள். 2021-இல் ரிசர்வ் வங்கியே இதை மறுத்து எச்சரிக்கை விட்டது. வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும், விற்கிறவர் அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று உறைகள் அண்ணன் அக்காவுடையவை, ஒன்று தங்கையுடையது. பெட்டி உங்கள் வீட்டில் இருப்பதால் உங்களிடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் 1964-ஐப் பிரிக்கும் அன்று முடிந்தவரை எல்லாரையும் கூப்பிடுங்கள். வர முடியாதவர்களுக்கு வீடியோவில் காட்டுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் "பாப்பாவுக்கு" உறையை நீங்கள் பிரிக்க வேண்டாம். உங்கள் செட்டைப் பார்த்தாலே அது எந்த நிலையில் இருக்கும் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். பிளேடும் லென்ஸும் பக்கத்தில் வைத்துத் தங்கை கையில் கொடுங்கள். பிரிப்பதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்று அவர் சொல்லட்டும்.